ரப்பர் மரக் கழிவு: விறகாக்குவதா, கட்டியாக்குவதா, பலகையாக்குவதா?

குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் மர அறுவை ஆலை நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். அவரும் அக்கம்பக்கத்து ஆலைக்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து பணம் போட்டு, ரப்பர் மரக் கழிவிலிருந்து பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள் பலகை, செய்யும் ஆலை ஒன்றைத் தொடங்க நினைக்கிறார்கள். இயந்திரம் விற்பவர் ஒருவர் வந்து வண்ணப் படங்களைக் காட்டி, "கழிவு உங்களிடம் சும்மா கிடக்கிறது, பசையை மட்டும் வாங்கினால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணே, நீங்கள் மலேசியாவில் பலகை ஆலையில் அத்தனை வருடம் வேலை பார்த்தவர். இதில் இறங்கலாமா, வேண்டாமா?" என்று நண்பர் கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து குடும்பங்களின் சேமிப்பு அதில் போகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய ஆலையிலேயே இருந்து, கழிவுக் குவியலைக் கிளறிப் பார்த்து, காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான் பேசினேன். அருமனை, களியல், திருவட்டாறு பக்கங்களில் இதே யோசனையோடு வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குவியலுக்குள் இருப்பது என்ன?

ரப்பர் மரம் நட்டு 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. தேக்கைப் போல நீண்டு நேராக வளரும் மரம் இது இல்லை. தண்டு குட்டை. பால்வெட்டிய பக்கமெல்லாம் வடுவும் புடைப்பும் இருக்கும். அதனால் பத்து டன் தடி வாளுக்குள் போனால் பலகையாகத் திரும்பி வருவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஆறரை டன்னுக்கு மேல் ஆலை முற்றத்தில் குவிகிறது. தோட்டத்திலேயே விட்டுவரும் கிளைகள் இதில் சேராது.

நண்பரும் இயந்திரக்காரரும் அந்தக் குவியலை ஒரே சரக்காக எண்ணிவிட்டார்கள். எல்லாத் தவறான கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நாங்கள் கிளறிப் பார்த்தபோது ஐந்து விதமான பொருள் இருந்தது. தடியின் புறத்தை அறுத்தெடுத்த, ஒரு பக்கம் பட்டையோடு கூடிய வளைவுத் துண்டுகள்தான் அதிகம். அடுத்து, பலகையின் முனையை நறுக்கிப்போட்ட குட்டைக் கட்டைகள். பிறகு ஈரமான அறுப்புத்தூள். மருந்தேற்றி உலர்த்திய பலகையை இழைக்கும்போது விழும் சீவல். கடைசியாக உதிர்ந்த பட்டை. இந்த ஐந்துக்கும் ஈரம் வேறு, நீளம் வேறு, உதவும் இடமும் வேறு. "கழிவை என்ன செய்யலாம்" என்ற கேள்வியை, "இந்த ஐந்தில் எதை எங்கே அனுப்பலாம்" என்று மாற்றிக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இன்றைய வழி: விறகு

இப்போது நண்பர் செய்வது இதுதான். வளைவுத் துண்டுகளைச் செங்கற்சூளைக்கும், ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாக விற்கிறார். முதலீடு எதுவும் தேவையில்லை. லாரி வருகிறது, பணம் வருகிறது. ரப்பர் தாளைப் புகை போடுவதற்கு ரப்பர் விறகையே எரிப்பது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஈரத்தோடு விற்கும் விறகில் எடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். வாங்குபவருக்கும் அது தெரியும், விலையும் அதற்கேற்பவே கிடைக்கும்.

விறகை நம்பியிருப்பதன் இன்னொரு ஆபத்தை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நமக்குக் காட்டியது. ஒரே இரவில் குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எல்லார் தடியும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தால் எடுப்பதற்கு ஆள் ஏது? காத்திருக்கவும் முடியாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன பூஞ்சையும் வண்டும் தேடி வரும். ஈரத்தில் சில நாள் கிடந்தாலே வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கும், அடுத்து மாவு மாவாகத் தூள் கொட்டும். சேமித்துவைத்து நல்ல விலைக்கு விற்கக்கூடிய சரக்கு இது இல்லை. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூளுக்கு உள்ள இரண்டு வழிகள்

அறுப்புத்தூளை எரிகட்டியாக அழுத்தலாம். பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. தூளை 10, 12 சதவீத ஈரத்துக்குக் கீழே உலர்த்தி, உந்து தண்டால் இறுக்கினால், அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே மரத்தின் இயற்கைப் பிணைப்புப் பொருளான லிக்னின் இளகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டன் ஈரத்தூளில் உலர்ந்த பொருள் ஏறத்தாழ 625 கிலோதான். உலர்த்துவதற்கு எரிப்பதைக் கழித்தால் 600 கிலோ அளவுக்குக் கட்டி கிடைக்கும். அரிசி ஆலைக் கொதிகலன் முதல் திருப்பூர்ச் சாயப்பட்டறை வரை எரிகட்டிக்கு இடம் இருக்கிறது. இயந்திரத்தை ஒரே ஆலை தனியாக வாங்கி நடத்த முடியும். அழுத்தும் பகுதி தேய்வதுதான் ஓயாத செலவு. ரப்பர் தூளோடு மணல் கலந்துவிட்டால் அது இன்னும் சீக்கிரம் தேயும். முற்றத்தில் சிமெண்ட் தளம் போடாமல் எரிகட்டி இயந்திரம் வாங்குவது வீண்.

இன்னொரு வழி காளான். மலேசியாவிலும் தாய்லாந்திலும் சிப்பிக்காளான் வளர்ப்புப் பைகளுக்கு ரப்பர் மரத்தூள்தான் முதன்மையான பொருள். வண்டையும் பூஞ்சையையும் இழுக்கும் அதே மாவுச்சத்து இங்கே வரமாகிவிடுகிறது. தூளோடு தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து, பையில் அடைத்து, ஆவியில் வேகவைத்து வித்திடுவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பச்சைத் தடியை அறுத்த தூளைத்தான் தர வேண்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் ஏற்றிய பலகையை இழைத்த சீவல் அதில் ஒரு கூடை கலந்தாலும், பூஞ்சையைக் கொல்வதற்காக ஏற்றிய அந்த மருந்து காளானையும் கொன்றுவிடும். காளான் வளர்ப்பவரின் இரண்டு மாத உழைப்பு அப்படியே போய்விடும். ஆலையில் இரண்டு தூளையும் இரண்டு இடத்தில் கொட்டுவது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் வேலை இல்லை.

ஆனாலும் காளானுக்குப் போகும் தூளின் அளவு சிறியது. ஐந்து ஆலைத் தூளையும் ஒரு சில காளான் குடில்கள் உட்கொள்ளாது. எரிகட்டிதான் பிரதானம், காளான் பக்கத்தில் நிற்கும் நல்ல வாடிக்கையாளர்.

குட்டைக் கட்டைக்கு உரிய மரியாதை

ஒரு கிலோ கழிவுக்கு அதிக வருமானம் தருவது எது என்று என்னைக் கேட்டால், விரல் இணைப்புப் பலகை என்று தயங்காமல் சொல்வேன். ஒரு சாண், இரண்டு சாண் நீளக் கட்டைகளின் முனைகளை, இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல வெட்டிப் பசை தடவிக் கோத்து, நீண்ட சட்டமாக்கி, சட்டங்களைப் பக்கவாட்டில் ஒட்டி அகலப் பலகையாக்குவது. மேசைப் பலகை, மாடிப்படி, அலமாரிக் கதவு, காய்கறி நறுக்கும் பலகை எல்லாம் இதில் செய்கிறார்கள். ரப்பர் மரம் வெளிர் நிறமானது, சாயத்தை நன்றாக ஏற்கும், உலர்ந்த பிறகு அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை. மலேசியாவின் மூவார் நகரம் மரச்சாமான்களால் பெயர் பெற்றதற்கும், கண்ணூரில் ரப்கோ என்ற கூட்டுறவு நிறுவனம் ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்யத் துணிந்ததற்கும் இந்தக் குணங்களே அடிப்படை.

பசை ஒட்டுவதற்கு முன்னால் கட்டைகளுக்கு மருந்தேற்றி, சூளையில் 10, 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். நண்பரிடம் மருந்தேற்றும் உருளையும் உலர்சூளையும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுதலாகத் தேவைப்படுவது விரல்வெட்டும் இயந்திரம், ஒட்டுச் சட்டம், இழைப்பு இயந்திரம், இவற்றோடு நல்ல கண்ணுள்ள ஆட்கள். முடிச்சு, கீறல், கறை எங்கே என்று பார்த்து வெட்டி நீக்குவதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. குறை ஒன்றுதான். குவியலில் இதற்குத் தேறும் கட்டை குறைவு. நாங்கள் பிரித்துப் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேறவில்லை. மீதி ஐந்தில் நான்கு பங்குக்கு வேறு வழி வேண்டும்.

எம்.டி.எஃப். பற்றியும் நண்பர் கேட்டார். மரச்சில்லை ஆவியில் வேகவைத்து நாராகப் பிரித்துச் செய்யும் பலகை அது. வழவழப்பு அதிகம், விலையும் கூடுதல். ஆனால் நார் பிரிக்கும் இயந்திரம் மின்சாரத்தைக் குடிக்கும். துகள் பலகைக்கு ஆகும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். பெரிய முதலாளிகள் மட்டுமே தாங்கக்கூடியது என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம். சிமெண்ட் கலந்த பலகையும் அப்படித்தான். ரப்பர் மரத்தின் சர்க்கரை சிமெண்ட் இறுகுவதைத் தடுக்கும். சில்லை ஊறவைத்துக் கழுவி, கால்சியம் குளோரைடு போன்ற முடுக்கி சேர்த்தால்தான் நிற்கும். கழுவிய தண்ணீரை எங்கே விடுவது?

துகள் பலகை: ஆசையும் கணக்கும்

இனி நண்பரின் ஆசைக்கு வருகிறேன். நான் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முறை எளிதாகத் தெரியும். மரத்தைச் சில்லாக்கி, சில்லைக் கத்தி வளையத்தில் மெல்லிய செதிலாக்கி, உலர்த்தி, சலித்து, பசை தெளித்து, மேலும் கீழும் நுண்துகள், நடுவில் பெரிய துகள் என்று மூன்று அடுக்காகப் பரப்பி, முதலில் குளிராகவும் பிறகு 160 முதல் 200 டிகிரி சூட்டிலும் அழுத்தினால் பலகை. 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பல அடுக்கு அழுத்தியில் (அழுத்தும் இயந்திரத்தில்) மூன்று, நான்கு நிமிடம் ஆகும். பிறகு ஆறவைத்து, ஓரம் நறுக்கி, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ரப்பர் மரம் இதற்கு ஏற்ற மரம் என்பதில் ஐயமில்லை. தென் தாய்லாந்திலும் மலேசியாவிலும் பெரிய ஆலைகள் ரப்பர் மரத்தை நம்பியே ஓடுகின்றன.

அளவைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் பலகை 680 கிலோ என்று கொள்வோம். ஈரத்தையும் பசையையும் கழித்தால் அதற்குள் உலர்ந்த மரம் ஏறத்தாழ 580 கிலோ. பச்சை மரத்தில் உலர்ந்த எடை 100 கிலோவுக்குத் தண்ணீர் 60 கிலோ அளவுக்கு இருக்கும். எனவே 930 கிலோ பச்சை மரம். தேய்ப்பிலும் நறுக்கிலும் தூசியிலும் போவதைச் சேர்த்தால் 1,100 கிலோ. எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் பலகை ஒன்று 36 கிலோ இருக்கும். ஒரு கன மீட்டரில் 18, 19 பலகைகள். இயந்திரக்காரர் காட்டியது நாளுக்கு 50 கன மீட்டர் ஆலை. அதற்கு நாள்தோறும் 55 டன் மரம் வேண்டும்.

ஐந்து ஆலைகளும் தலைக்குப் பத்து டன் தடி அறுக்கின்றன. மொத்தக் கழிவு நாளுக்கு 33 டன். இதில் அறுப்புத்தூள் ஆறேழு டன், பட்டை நான்கைந்து டன். இவற்றைக் கழித்தால் செதிலாக்கத் தகுந்தது 22 டன் அளவுதான். அதாவது 20 கன மீட்டர் பலகைக்கான மரம். ஆலையின் வயிற்றில் பாதிகூட நிறையாது. நண்பர் இந்த இடத்தில் அமைதியாகிவிட்டார்.

"தூளையும் சேர்த்துக்கொண்டால் என்ன?" என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டார். சேர்க்கலாம், கொஞ்சமாக. பலகையின் வளைவு வலிமை துகளின் நீளத்தில் இருக்கிறது. மெல்லிய நீளச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பாரத்தைக் கைமாற்றிக்கொள்ளும். அறுப்புத்தூள் உருண்டை மணி போன்றது, கைமாற்ற அதற்கு நீளம் இல்லை. அதோடு ஒரு கிலோ தூளின் மேற்பரப்பு ஒரு கிலோ செதிலைவிடப் பல மடங்கு அதிகம். பசையை அது உறிஞ்சிவிடும், செதிலுக்கு மிஞ்சாது. மேல் அடுக்கின் வழவழப்புக்காக ஓரளவு சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பசைதான் இந்தத் தொழிலின் எஜமானன். உலர்ந்த மரத்தின் எடையில் 9 சதவீதம் யூரியா பார்மால்டிஹைடு பசை என்று வைத்தால், கன மீட்டருக்கு 52 கிலோ திடப்பசை. 65 சதவீதச் செறிவுள்ள திரவமாக வாங்கினால் 80 கிலோ. நாளுக்கு 50 கன மீட்டர் என்றால் நான்கு டன் பசை. அதை இறுக வைக்க நவச்சாரம், நீர் உறிஞ்சுவதைக் குறைக்க மெழுகுக் கரைசல். "பசையை மட்டும் வாங்கினால் போதும்" என்று சொன்னவர் அந்த 'மட்டும்' எவ்வளவு என்று சொல்லவில்லை.

இயந்திரம் விற்பவர்கள் பேசாத இன்னொன்று பட்டை. கழிவில் பெரும்பகுதியான வளைவுத் துண்டுகள் பட்டை சுமந்தவை. ரப்பர் பட்டையில் உறைந்த ஒட்டுப்பால் இருக்கிறது. அது கத்தியில் ஒட்டும், சல்லடைக் கண்ணை அடைக்கும், பலகையின் முகத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். மழைக்காப்புக்காக மரத்தைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் துண்டும், அதைப் பிடித்திருந்த தார்ப்பசையும் கூடவே வரும். பால் பிடிக்கும் சிரட்டை கட்டிய கம்பி மரத்துக்குள் வளர்ந்து புதைந்திருக்கும். ஒரு துண்டுக் கம்பி கத்தி வளையத்துக்குள் போன சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அன்றைய உற்பத்தி அத்தோடு முடிந்தது, வளையத்தைக் கழற்றி மாட்ட மறுநாள் மதியம் ஆனது. ஆகவே தடியை அறுப்பதற்கு முன்பே பட்டை உரிக்க வேண்டும், காந்தத்தால் இரும்பைப் பிடிக்க வேண்டும். உரித்த பட்டை கொதிகலனுக்கு எரிபொருளாகும், அது நஷ்டமில்லை. ஆனால் ஐந்து அறுவை ஆலைகளிலும் பட்டை உரிக்கும் இயந்திரம் வேண்டியிருக்கும். அது இயந்திரக்காரரின் விலைப்பட்டியலில் இல்லை.

ஈரமும் அப்படியே. பசை தெளிப்பதற்கு முன் செதிலின் ஈரம் 3 சதவீத அளவுக்கு வர வேண்டும். கூடுதலாக இருந்தால் அழுத்தியைத் திறக்கும் கணத்தில் உள்ளே சிக்கிய நீராவி பலகையை நடுவில் பிளந்துகொண்டு வெளியேறும். வெளியில் கொப்புளம், உள்ளே வெற்றிடம். தமிழகத்தில் இரண்டு பருவமழையையும் முழுதாக வாங்கும் மாவட்டம் குமரி. ஜூனிலும் அக்டோபரிலும் முற்றத்தில் கிடக்கும் சில்லை உலர்த்த எவ்வளவு எரிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாதங்களில்தான் மரம் வெட்டும் வேலையும் மந்தமாகிறது. கோடையில் சரக்கு குவிகிறது, மழையில் வறள்கிறது. கோடைச் சரக்கைச் சில்லாக்கிச் சேமித்தால் குவியல் தானாகச் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். புளித்த சில்லின் அமிலம் பசை இறுகும் நேரத்தை மாற்றிவிடும், அழுத்தி மூடுவதற்கு முன்பே மேல் அடுக்கு இறுகி, மறுநாள் அது உதிரும். ஆலை வருடம் முழுக்க ஓடினால்தான் கடன் அடையும், மரமோ வருடம் முழுக்க ஒரே சீராக வராது. என்னைப் பொறுத்தவரை பலகைக்கு எதிரான மிகப் பெரிய காரணம் இதுவே.

எடையையும் சொல்ல வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்ட, பலகை மரத்தைவிட அடர்த்தியாக இறுக வேண்டும். உலர்ந்த ரப்பர் மரமே கன மீட்டருக்கு 560 முதல் 650 கிலோ வரை இருப்பதால் பலகையும் கனத்துவிடும். மலைவேம்பு போன்ற இலகுவான மரத்தைக் கலந்தால் அதே வலிமையைக் குறைந்த எடையில் பெறலாம். குமரியில் ரப்பருக்கு இடையே அதை நட்டிருக்கும் விவசாயிகளும் உண்டு, அவர்களுக்கும் இது ஒரு வாசலாகலாம்.

காற்றில் கலக்கும் பசை

எனக்கு மனதில் பாரமாக இருக்கும் விஷயம் இது. நான் முதலில் சேர்ந்த ஆலையில் அழுத்தி திறக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வழியும். "பழகிவிடும்" என்று மூத்தவர்கள் சொன்னார்கள். பழகியது, ஆனால் இருமலும் பழகியது. பசையிலிருந்து காற்றில் கலக்கும் பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. மரத்தூசியும் அதே முதல் பட்டியலில் இருக்கிறது. அழுத்திக்கு மேல் உறிஞ்சும் விசிறியும், தேய்ப்பு இயந்திரத்துக்குத் தூசி இழுக்கும் குழாயும் இல்லாமல் யாரும் பலகை ஆலை தொடங்கவே கூடாது. நுண்தூசி காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்பதும் சேர்ந்த காரணம்.

வாங்குபவர் வீட்டிலும் இது தொடர்கிறது. ஈ-1 என்று சொல்லும் தரத்தில் 100 கிராம் உலர்ந்த பலகையில் பிரித்தெடுக்கக்கூடிய பார்மால்டிஹைடு 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதற்குப் பசையில் யூரியாவின் பங்கைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பசை மெதுவாக இறுகும், அழுத்தும் நேரம் நீளும், நாளின் உற்பத்தி குறையும். மலிவான பசையோடு போட்ட லாபக் கணக்கு ஈ-1 பசையில் அப்படியே நிற்காது. நண்பரிடம், "ஈ-1 பசைக்குக் கணக்குப் போட்டும் லாபம் நின்றால் மட்டும் பேசுவோம்" என்றேன். குழந்தைகள் படிக்கும் மேசைக்குப் போகிற பலகை அது.

பார்மால்டிஹைடே இல்லாத ஐசோசயனேட் பசை இருக்கிறது. விலை அதிகம், அழுத்தித் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். குமரியில் முந்திரி ஆலைகள் நிறைய இருப்பதால் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை வைத்துச் செய்யும் பீனால் வகைப் பசை மீது எனக்கு நெடுநாள் ஆசை. பீனாலில் ஒரு பகுதிக்கு அந்த எண்ணெய் ஈடுகொடுக்கும். பலகை கருத்துப்போகும், கூடுதல் சூடு வேண்டும். மேலே மைக்கா ஒட்டுவதாக இருந்தால் நிறம் ஒரு பொருட்டில்லை. பெங்களூரின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், திருச்சூருக்கு அருகே பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் மாதிரிச் சோதனையைப் பற்றி விசாரிப்பது இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

அனுமதியும் சந்தையும்

காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்ததிலிருந்து மரத் தொழில்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி மாநில அளவிலான குழு இதைக் கவனிக்கிறது. அறுவை ஆலைக்கு உரிமம் இருப்பதால் பலகை ஆலைக்கும் அதுவே போதும் என்று எண்ணி இடம் வாங்கிவிடக் கூடாது. வன அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே அடுத்த அடி.

சந்தை தூரமாக இருக்கிறது. மூவாரில் நான் கண்டது வேறு. மரச்சாமான் பட்டறைகளிலிருந்து கழிவை ஏற்றிவரும் லாரி, திரும்பும்போது பலகையை ஏற்றிக்கொண்டு அதே பட்டறைகளுக்குப் போகும். கழிவும் வாடிக்கையாளரும் ஒரே ஊர். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பத்து டன் லாரியில் 275 பலகைக்கு மேல் ஏறாது. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் பெரிய துகள் பலகை ஆலை ஏற்கெனவே இயங்குகிறது. அவர்களோடு விலையில் மோத ஐந்து பேர் கூட்டு முதலீடு தாங்காது. திருவனந்தபுரம், திருநெல்வேலி, மதுரை வரைதான் நமக்கு எட்டும் தூரம். அங்கேயும் வெறும் பலகையாக விற்றால் மதிப்பு குறைவு. நம் ஊர் ஈரக்காற்றில் ஓரம் உப்பிவிடும் என்று ஆசாரிகள் துகள் பலகையைத் தொடத் தயங்குகிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. இரண்டு முகத்திலும் மேல்தாள் ஒட்டி, நான்கு ஓரமும் அடைத்துக் கொடுத்தால்தான் அது நிற்கும். அப்படியானால் மேல்தாள் ஒட்டும் அழுத்தி ஒன்று கூடுதல் முதலீடு. ஐ.எஸ். 3087 வெறும் பலகைக்கான தரம், மேல்தாள் ஒட்டியதற்கு ஐ.எஸ். 12823. இரண்டுக்கும் சோதனைக்கூடம் வேண்டும்.

நான் சொன்ன பதில்

ஐந்து ஆலைகளுக்கு இப்போது துகள் பலகை வேண்டாம் என்று சொன்னேன். மரம் பாதிக்கும் குறைவு, மழைக்காலத்தில் அதுவும் குறையும், ஈ-1 பசையின் விலை, மேல்தாள் அழுத்தி, பட்டை உரிக்கும் இயந்திரங்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. 20 கன மீட்டர் அளவில் சிறிய ஆலை போட்டால் மரம் போதும். ஆனால் கொதிகலன் ஆள், பசை ஆள், சோதனைக்கூட ஆள் என்று சம்பளச் செலவு பெரிய ஆலைக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அந்தச் சுமையை 370 பலகைகள் தாங்காது.

அதற்குப் பதிலாக, கட்டையைத் தனியே எடுத்து நண்பரின் ஆலையில் விரல் இணைப்பு. ஐந்து ஆலைத் தூளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து கூட்டாக ஒரு எரிகட்டி இயந்திரம். பச்சைத்தூளில் கொஞ்சம், கேட்பவருக்குக் காளான் வளர்க்க. வளைவுத் துண்டுகளைப் பட்டை நீக்கிச் சில்லாக்கிப் பலகை ஆலைகளுக்கு விற்றுப் பார்ப்பது. எந்த ஆலை என்ன குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறது என்பதிலிருந்தே நம் சரக்கின் தரம் தெரிந்துவிடும். இதுவரை ஆகும் செலவு, பலகை ஆலைச் செலவில் சிறு பங்கு.

துகள் பலகைக்கு நான் எப்போதும் எதிரி இல்லை. பதினைந்து ஆலைகள் சேர்ந்து, கீரிப்பாறை, கோதையாறு பக்கத்து அரசு ரப்பர் கழகத் தோட்டங்களின் மறுநடவுக் கிளைகளையும் சிறு விவசாயிகளின் கிளைகளையும் ஒப்பந்தத்தில் எடுத்து, மேல்தாள் அழுத்தியோடும் கையில் எழுத்துப்பூர்வமான கொள்முதலோடும் தொடங்கினால் நானே வந்து அழுத்தியின் முன் நிற்பேன். பல வருடம் ஒரு குடும்பத்துக்குப் பால் கொடுத்த மரம் ஒரு மணி நேரத்தில் சாம்பலாவதைவிட, இன்னொரு 20 வருடம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியாக நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நண்பர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் எழுந்தார். மறுவாரம் தொலைபேசியில் பேசினார். ஐந்து ஆலைகளிலும் ஆளுக்கு ஒரு எடைமேடைச் சீட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்களாம். கட்டை, துண்டு, பச்சைத்தூள், சீவல், பட்டை என்று ஐந்து பத்தி போட்டு, ஜூன் முதல் தேதியிலிருந்து இரண்டு மழைக்காலமும் முடியும்வரை நாள்தோறும் எழுதப் போகிறார்கள். இயந்திரக்காரரிடம் பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள்.